கொள்ளுத்தாத்தாவைத் தேடுவோருக்கு: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் யாராவது ஒருவர் திடீரென்று ஒரு நாள் கொள்ளுத்தாத்தாவைத் தேடக் கிளம்புவார். பெரும்பாலும் ஒரு பாகப்பிரிவினைத் தகராறோ, கருமாதி வீட்டுப் பேச்சோ அதற்குக் காரணமாக இருக்கும். கிளம்பியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், என் கைக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பெயரைத் தவிர எதுவும் தெரியாது. எங்கே ஆரம்பிப்பது?

வீட்டில். எண்பது தாண்டியவர் ஒருவர் இருந்தால் முதலில் அவரிடம் போய் உட்காருங்கள். பங்காளிகளைக் கேட்டால் பேச்சு நிலத்துக்குத் தாவிவிடும். வெளியூரில் கட்டிக்கொடுத்த அத்தைகளைக் கேளுங்கள். பிறந்த வீட்டுக் கதையை அவர்கள்தான் சிந்தாமல் வைத்திருக்கிறார்கள். சம்மதம் கேட்டுப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். ஆகவே ஒரே குடும்பத்தில் இரண்டு முனியப்பன், மூன்று மாரியப்பன் இருப்பார்கள். "முனியப்பன் பர்மாவுக்குப் போனார்" என்றால் எந்த முனியப்பன்? தகப்பன் பெயரைச் சேர்க்காமல் எந்தத் தகவலையும் எழுதாதீர்கள்.

வருஷம் கேட்டால் யாருக்கும் தெரியவில்லையே?

வருஷத்தைக் கேட்காதீர்கள், சம்பவத்தைக் கேளுங்கள். "மேட்டூர் அணை கட்டினப்போ அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்றால் பதில் வரும். அணை வேலை 1925 முதல் 1934 வரை நடந்தது. "மொரப்பூர் சின்ன ரயில்ல போயிருக்காரா?" என்று கேளுங்கள். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய பாதை ரயில் 1906ல் வந்தது, 1913ல் ஓசூர் வரை நீண்டது, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தண்டவாளத்தையே கழற்றிக்கொண்டு போனார்கள். அந்த ரயிலில் ஏறிய நினைவு உள்ளவர் எப்போது பிறந்திருப்பார் என்று ஓரளவு கணக்குப் போட்டுவிடலாம். "கள்ளுக்கடை மூடினப்போ", "கிருஷ்ணகிரி டேம் திறந்தப்போ" (1957) என்பவையும் நல்ல குறிகள்.

தமிழ் வருஷப் பெயர் சொன்னால் இன்னும் நல்லது. ஆனால் அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வரும். தாது வருஷம் என்றால் 1876 சித்திரையும் உண்டு, 1936 சித்திரையும் உண்டு. பஞ்சத்தோடு சேர்த்துச் சொன்னால் முன்னது. காளயுக்தியில் குடும்பத்தில் நாலைந்து பேர் ஒரே மாசத்தில் போனார்கள் என்று யாராவது சொன்னால் அது 1918. உலகம் முழுக்கப் பரவிய விஷக்காய்ச்சல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோன வருஷம் அது.

பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி தெளிவாக இருக்கிறதே?

தலைக்கு மேல் கையைப் போட்டுக் காதைத் தொடச் சொல்லி வயசு தீர்மானித்த காலத்துச் சான்றிதழா? அப்படியானால் அந்தத் தேதி வாத்தியார் போட்டது. ஜூன் மாசப் பிறந்தநாள் என்றால் சந்தேகம் இரட்டிப்பு.

பழைய காகிதங்களில் தருமபுரி மாவட்டம் என்றே இல்லை. தப்பான இடத்தில் தேடுகிறேனா?

இல்லை. 1965 அக்டோபர் 2 அன்றுதான் தருமபுரி தனி மாவட்டமானது. அதற்கு முன் எல்லாம் சேலம் ஜில்லா. கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9ல் பிரிந்தது. எனவே 1964ல் சிறைக்குப் போன கிருஷ்ணகிரிக்காரரும் 1915ல் பட்டாளத்துக்குப் போன அரூர்க்காரரும் "சேலம்" என்றுதான் பதிவாகியிருப்பார்கள். வெளிநாட்டு ஆவணங்களில் தேடும்போது இதை மறந்தால் கையில் ஒன்றும் சிக்காது. ஆங்கில எழுத்துக்கூட்டலும் எழுதியவர் காதைப் பொறுத்தது. ஒரே ஊர்ப் பெயரை நாலு விதமாக எழுதிப் பாருங்கள்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இன்னொன்று: வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழைய காகிதம் தெலுங்கிலோ கன்னடத்திலோ இருக்கக்கூடும். படிக்க முடியவில்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

நிலப் பத்திரங்களில் என்ன கிடைக்கும்?

சாதாரணக் குடும்பம் ஒன்றின் சரித்திரம் அதிகம் இருப்பது அங்கேதான். கவிதை, கல்வெட்டு எல்லாம் பெரிய மனுஷர்களுக்கு. நம் பாட்டன்மார் கைநாட்டு வைத்த இடம் சார்பதிவாளர் அலுவலகம்.

பழைய கிரயப் பத்திரம் ஒன்றை நிதானமாகப் படியுங்கள். இன்ன தாலுகா இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார், சாதி, மதம், ஜீவனம் என்று ஆரம்பிக்கும். ஒரே வரியில் இரண்டு தலைமுறை வந்துவிடும். எதற்காக விற்கிறார் என்று அடுத்துச் சொல்லும்: மூத்த மகள் கல்யாணக் கடன், கிணறு வெட்டிய கடன், தீர்வை பாக்கி. நான்கெல்லை சொல்லும் இடத்தில் பக்கத்து நிலக்காரர்கள் வருவார்கள், அதில் பாதிப் பேர் பங்காளிகளாக இருப்பார்கள். கடைசியில் சாட்சிகள். சாட்சி போட்டவர் பெரும்பாலும் மாமன், மச்சான். அதைவிடவும் மேல் பாகப்பிரிவினைப் பத்திரம். அண்ணன் தம்பி அத்தனை பேரும், மைனர்களும், அவர்களுக்குக் கார்டியனாக நிற்கும் தாயும், கறவை மாடும், ஏர்க்கலப்பையும், கிணற்றில் முறைத் தண்ணீரும்கூட அதில் இருக்கும்.

வில்லங்கச் சான்று இணையத்தில் பொதுவாக 1975 முதல் கிடைக்கிறது. அதற்கு முந்தைய வருஷங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேடச் சொல்லுங்கள். வருவாய்த்துறைப் பக்கம் அ பதிவேடு (சர்வே எண் வாரியாக நிலமும் உரிமையாளரும்), அடங்கல் (பயிர்க் கணக்கு), பழைய செட்டில்மெண்ட் பதிவேடு (தீர்வை நிர்ணயித்தபோது எழுதியது) ஆகியவற்றின் நகலுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி எழுதலாம். 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்தில் பல பெயர்கள் மாறியும் விட்டும் போயிருக்கின்றன. ஆகவே அதற்கு முன்னால் இருந்த பதிவேட்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

உங்கள் ஊர் மிட்டாவில் (ஜமீன் மாதிரியான சிறு எஸ்டேட்) இருந்ததா என்றும் விசாரியுங்கள். 1800களின் தொடக்கத்தில் சேலம் ஜில்லாவின் பல கிராமங்களை மிட்டாக்களாகக் கட்டி ஏலம் விட்டார்கள். 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வரும்வரை அங்கே உழுதவர் தீர்வை கட்டியது மிட்டாதாருக்கு. அரசுப் பதிவேட்டில் அவர் பெயரைக் காணோம் என்றால் அவர் இல்லை என்று அர்த்தமில்லை.

தாழ்த்தப்பட்ட குடும்பத்தார் அ பதிவேட்டில் 'டி.சி.' (டிப்ரஸ்டு கிளாஸ், அதாவது ஒடுக்கப்பட்ட வகுப்பு) என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த திரமென்கீர் கொடுத்த அறிக்கையின் விளைவாக 1892ல் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒதுக்க உத்தரவு வந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்கிறோமே, அது. பாட்டனுக்கு நிலமே இருந்ததில்லை என்று நம்பிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு ஒரு வரிக் குறிப்பு வேறு சேதி சொல்லலாம்.

எவ்வளவு பின்னால் போக முடியும்? திப்பு காலம் வரை?

பெயரோடு போவது கடினம். பெரும்பாலான குடும்பங்களுக்கு 1860களில் கதவு சாத்திக்கொள்ளும், ஏனென்றால் பத்திரப் பதிவுச் சட்டமே 1864ல்தான் வந்தது. ஆனால் ஊரின் கதையை இன்னும் பின்னால் கொண்டுபோகலாம், அதில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு.

1792ல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகாலை, அதாவது நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தை, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். ஓசூர்ப் பகுதி அவர் மறைவுக்குப் பின் 1799ல் வந்தது. பாராமகாலை நிர்வகிக்க வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாக வந்த இளம் ராணுவ அதிகாரி தாமஸ் மன்றோ தருமபுரியில் ஏழு வருஷம் போலத் தங்கி நிலத்தை அளந்து, குடியானவனிடமே நேரடியாகத் தீர்வை வாங்கும் முறையைப் பழகினார். பிற்பாடு அவர் சென்னை கவர்னரானபோது அதுவே ரயத்துவாரியாக மாகாணம் முழுக்கப் பரவியது. பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் முடிந்துபோகும் ரயத்துவாரிக்கு முதல் சோதனைக் களம் நம் தாத்தாக்களின் கொல்லைமேடு. அப்போது எழுதிய பாராமகால் ஆவணங்கள் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன, அச்சிலும் வந்திருக்கின்றன. உங்கள் பாட்டன் பெயர் அதில் கிடைக்காது. அவர் என்ன பயிர் செய்திருப்பார், என்ன தீர்வை கட்டியிருப்பார், எந்தச் சந்தைக்குப் போயிருப்பார் என்பது கிடைக்கும்.

நாங்கள் அதியமான் வம்சம் என்று பெரியப்பா சொல்கிறார்.

சொல்லட்டும். தகடூரை ஆண்டவனுக்கும் உங்கள் பெரியப்பாவுக்கும் நடுவில் ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம் காலியாகக் கிடக்கிறது. தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போய் நடுகற்களைப் பாருங்கள். மாடு மீட்கப் போய்ச் செத்த சாதாரண மனிதர்கள் அங்கே பெயரோடு நிற்கிறார்கள். எனக்கென்னவோ அவர்களில் ஒருவரைப் பாட்டனாகச் சொல்லிக்கொள்வது இன்னும் கௌரவமாகப் படுகிறது. அதற்கும் ஆதாரம் கிடையாது என்பது வேறு விஷயம்.

தாது வருஷப் பஞ்சத்தில் குடும்பம் இடம்பெயர்ந்தது என்கிறார்கள். நம்பலாமா?

நம்பலாம். 1876ல் மழை பொய்த்தது, அடுத்த வருஷமும் ஏமாற்றியது. சேலம் ஜில்லா மிக மோசமாக அடிபட்ட ஜில்லாக்களில் ஒன்று. 1871 குடிமதிப்பில் ஏறத்தாழ 19.7 லட்சமாக இருந்த ஜில்லாவின் மக்கள்தொகை 1881ல் 16 லட்சத்துக்கு இறங்கியது. ஐந்தில் ஒருவர் குறைந்த கணக்கு இது. செத்தவர்களும் கிளம்பிப் போனவர்களும் சேர்த்து. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு நாள் கூலியாக ஒரு பவுண்டு தானியமும் சில்லறையும் போதும் என்று, பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் 1877ல் நிர்ணயித்தார். அரை கிலோகூட இல்லை. கல் உடைக்கும் ஆளுக்கு அது.

ஆகவே உங்கள் குடும்ப மரத்தில் 1870களில் ஒரு கிளை திடீரென நின்றுபோனாலோ, குலதெய்வம் ஒரு தாலுகாவிலும் நிலம் வேறு தாலுகாவிலும் இருந்தாலோ, பஞ்சத்தைச் சந்தேகிப்பது நியாயம். நிரூபணம் வேண்டுமென்றால் குலதெய்வக் கோயிலுக்குப் போய், அங்கே வரி கொடுக்கும் மற்றக் குடும்பங்கள் எந்தெந்த ஊரில் இருக்கின்றன என்று கேளுங்கள். பூசாரிக்குத் தெரிந்திருக்கும்.

பாட்டன் பட்டாளத்துக்குப் போனாராம், திரும்பவில்லையாம்.

முதல் உலகப்போரா, இரண்டாவதா என்று முதலில் தீர்மானியுங்கள். "பஸ்ராவுக்குப் போனார்" (இன்றைய இராக்கில் இருக்கிறது) என்றால் பெரும்பாலும் முதலாவது. 1914க்கும் 1918க்கும் நடுவில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள், ஏறத்தாழ 74,000 பேர் மாண்டார்கள். நம் பக்கத்து ஆட்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியியல் படை), கர்நாடிக் காலாட்படைகள், கூலிப்படைகள், கழுதை ஒட்டகப் பிரிவுகள் என்று பலவற்றில் இருந்திருக்கலாம். துப்பாக்கி பிடித்தவர் மட்டும் பட்டாளத்துக்காரர் இல்லை.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் இலவசமாகத் தேடலாம். பஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர்களைக் கல்லில் வெட்டினார்கள், இந்தியச் சிப்பாய்களுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும் வெட்டினார்கள். பெயர்கள் தனிப் புத்தகத்தில் போயின. இப்போது இணையத்தில் அவையும் உண்டு. பல பதிவுகளில் தகப்பன் பெயர், கிராமம், தாலுகா, சேலம் என்று முழு விலாசம் இருக்கும். தமிழ்நாட்டின் சில ஊர்களில் "இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றனர்" என்ற சிறு கல்பலகை உண்டு. உங்கள் ஊரில் சாவடி, பழைய பள்ளிக்கூடச் சுவர் எதையும் விடாமல் பாருங்கள். சுண்ணாம்பு அடித்து மறைத்திருப்பார்கள்.

இரண்டாம் போர் என்றால் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஆரம்பியுங்கள். சிப்பாய் எண் கிடைத்தால் மெட்ராஸ் ரெஜிமெண்ட் ஆவணங்களுக்கு வெலிங்டனுக்கும், சாப்பர்ஸ் என்றால் பெங்களூருக்கும் எழுதலாம். "நேதாஜி படையில் இருந்தார்" என்ற பேச்சு பல வீடுகளில் உண்டு. அந்தப் படை முதலில் சிங்கப்பூர், மலேயாவில் ஜப்பானியரிடம் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களிலிருந்துதான் உருவானது. 1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் விழுந்தபோது அவர் எங்கே இருந்தார் என்பதை முதலில் தெரிந்துகொண்டு மேலே போங்கள்.

கோலாருக்குப் போனவர், கண்டிக்குப் போனவர், நேட்டாலுக்குப் போனவர்: யாரைக் கண்டுபிடிப்பது எளிது?

வேடிக்கை என்னவென்றால், மிகத் தூரம் போனவரை. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிய 1,52,184 ஒப்பந்தக் கூலிகளில் ஒவ்வொருவருக்கும் எண் கொடுத்து, தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதிவைத்தார்கள். அக்கறையால் இல்லை. ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே.

இலங்கைக்கும் மலேயாவுக்கும் போனவர்கள் கங்காணி (ஊரில் ஆள் சேர்த்து அழைத்துப்போகும் மேஸ்திரி) பின்னால் போனவர்கள், ஆகவே காகிதம் குறைவு. இலங்கையிலிருந்து 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி திரும்பியவர்கள் என்றால் குடும்ப அட்டை, கடவுச்சீட்டு எல்லாம் இருக்கும். அந்த ஒப்பந்தப்படி இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டவர்கள் 5,25,000 பேர்.

கோலார் தங்கவயல் நமக்கு அடுத்த வீடு. 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்ட ஆரம்பித்ததும் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம் ஜில்லாவிலிருந்தும் ஆட்கள் போனார்கள். நடந்தே போய்வரும் தூரம் என்பதால் போக்குவரத்துக்கு எந்தப் பதிவும் இல்லை. 2001ல் சுரங்கம் மூடியபின் குடும்பங்கள் பெங்களூருக்குக் கலைந்துவிட்டன. வேலை அட்டை, பி.எஃப். சீட்டு, லைன் வீட்டு எண் இவற்றில் ஒன்று வீட்டில் கிடந்தால் பத்திரமாக வையுங்கள்.

எங்கள் தாத்தா மரமேறி. "ராஜாஜி வந்து பிழைப்பைக் கெடுத்தார்" என்று பாட்டி சொல்வாள். என்ன கதை?

பாட்டி சொல்வதற்குத் தேதியே உண்டு: 1937 அக்டோபர் 1. ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்தவரும் சேலத்தில் வக்கீல் தொழில் பார்த்தவருமான ராஜாஜி மாகாணப் பிரதமர் ஆனதும் மதுவிலக்கை முதன்முதலில் சேலம் ஜில்லாவில்தான் கொண்டுவந்தார். நம் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அதில் அடக்கம். தென்னை, பனை, ஈச்ச மரம் சீவிப் பிழைத்தவர்களுக்கு ஒரே நாளில் தொழில் போனது. குடிகாரக் கணவனோடு மல்லுக்கட்டிய பெண்களுக்கு அதே நாள் வேறு மாதிரி நினைவிருக்கும். உங்கள் இரண்டு பாட்டிகளும் இதில் சண்டை போட்டால் இரண்டையும் எழுதிவையுங்கள். மது வருமானம் போன இடத்தை நிரப்பத்தான் 1939ல் பொது விற்பனை வரி வந்தது. நீங்கள் இன்று கடையில் கட்டும் வரியின் பூர்வீகத்தில் உங்கள் தாத்தாவின் பாளைக் கத்திக்கும் ஒரு பங்கு உண்டு.

அதே காலத்தில் குடும்பக் கடன் ஏதாவது குறைந்திருந்தால் 1938 விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தோடு பொருத்திப் பாருங்கள். கோர்ட்டுக் காகிதம் கிடைக்கலாம்.

எங்கள் பூர்வீக ஊர் தண்ணீருக்குள் இருக்கிறது.

பென்னாகரம் தாலுகாவில் நாகமரை பக்கம் என்றால் மேட்டூர் நீர்த்தேக்கம். அணை நீர் நன்றாக இறங்கும் கோடையில் எதிர்க்கரைப் பண்ணவாடியில் பழைய கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும். கையகப்படுத்திய நிலங்களுக்கு நஷ்டஈட்டுப் பட்டியல் போட்டிருப்பார்கள். சர்வே எண், உரிமையாளர், தொகை இருக்கும் அந்தப் பட்டியலை ஆவணக்காப்பகத்தில் கேட்டுப் பார்ப்பது வீண்போகாது.

சுதந்திரப் போராட்டத் தியாகி என்று ஊரில் சொல்கிறார்கள். எப்படி உறுதிசெய்வது?

சிறைப் பதிவு, கோர்ட்டுத் தீர்ப்பு, 1972ல் தொடங்கிய மத்திய அரசுத் தியாகி பென்ஷன் கோப்பு, தாமிரப் பட்டயம். பென்ஷனுக்குப் பொதுவாக ஆறு மாதச் சிறை வேண்டும். ஆகவே மூன்று வாரம் உள்ளே இருந்துவிட்டு வந்தவர் பட்டியலில் இருக்கமாட்டார். அதனால் அவர் போகவில்லை என்றாகாது.

பாப்பாரப்பட்டிக்காரர்கள் எல்லோரும் சுப்பிரமணிய சிவாவை ஒரு முறை வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவார்கள். அவர் அங்கே பாரத ஆசிரமம் அமைத்ததும், பாரத மாதா கோயிலுக்கு 1923ல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டியதும், தொழுநோயோடு ஊர் ஊராய் அலைந்து 1925 ஜூலை 23 அன்று அங்கேயே காலமானதும் உண்மை. உங்கள் பாட்டன் அப்போது அந்த ஊரில் இருந்தார் என்பதும் உண்மையாக இருக்கலாம். இரண்டு உண்மையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதாலேயே கைகுலுக்கிக்கொண்டதாக ஆகாது. "பார்த்திருக்கக்கூடும்" என்று எழுதுங்கள், போதும்.

பாட்டிமார்களைப் பற்றி எதுவுமே கிடைக்கவில்லை.

1956 வாரிசுரிமைச் சட்டத்துக்கு முன் பெண் பெயரில் நிலம் வருவது அபூர்வம். விதவையாக, மைனருக்குக் கார்டியனாக, ஜீவனாம்சம் வாங்கியவளாக மட்டும் பத்திரத்தில் தலைகாட்டுவாள். எனவே அவளைத் தேட அவள் பிறந்த ஊருக்குப் போங்கள். அவளுடைய அண்ணன் தம்பிப் பத்திரங்களில் சீதனமாக எழுதிய நிலமோ, சாட்சியாகப் போட்ட அவள் கணவனோ அகப்படுவான்.

கல்யாண வருஷம் தெரியாவிட்டால் சாரதா சட்டத்தை நினைவில் வையுங்கள். பெண்ணுக்குப் பதினாலு வயசு ஆகவேண்டும் என்ற அந்தச் சட்டம் 1930 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய மாதங்களில் நாடு முழுக்க அவசர அவசரமாகச் சிறு பிள்ளைகளுக்குத் தாலி கட்டினார்கள். "எட்டு வயசுல, ராத்திரியோட ராத்திரியா கட்டி வெச்சாங்க" என்று ஒரு பாட்டி சொல்லியிருந்தால் எந்த மாசம் என்றுகூட ஊகிக்கலாம்.

கேட்கக் கூடாதது ஏதாவது கிளம்பினால்?

கிளம்பும். இரண்டாம் தாரம், வட்டிக்கு விட்ட தாத்தா, அடுத்தவன் நிலத்தை எழுதி வாங்கிய தாத்தா. செத்தவர்களைப் பற்றியதை எழுதுங்கள். உயிரோடிருப்பவரை நோகடிப்பதை நோட்டில் வைத்துக்கொண்டு, வாட்ஸாப் குரூப்பில் போடாமல் இருங்கள்.

சேர்த்ததை எப்படி எழுதிவைப்பது?

நோட்டின் இடப் பக்கம் குடும்பத்தில் நடந்தது, வலப் பக்கம் அதே வருஷம் ஜில்லாவிலும் நாட்டிலும் நடந்தது. இரண்டையும் இணைத்துக் கோடு போட வேண்டுமானால் காகிதமோ நேரில் கண்டவர் வாக்கோ வேண்டும். மற்றவை அப்படியே எதிரெதிரே இருக்கட்டும். ஒவ்வொரு வரிக்கும் யார் சொன்னது, எந்த ஆவணம், ஆவண எண் என்ன என்று ஓரத்தில் குறியுங்கள். 1857, தண்டி யாத்திரை என்று பாடப்புத்தகத் தேதிகளை வரிசையாக நிரப்பாதீர்கள். அரூரில் ராகி விதைத்தவருக்கு அந்த வருஷம் வேறு கவலை இருந்திருக்கும், மழைக் கணக்கும் தானிய விலையும்தான் அவருடைய பேப்பர் செய்தி. அதற்கு 1918ல் ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் ஜில்லா கெசட்டியர் நல்ல துணை.

பழைய பத்திரத்தை லேமினேஷன் செய்யலாமா?

கூடவே கூடாது. சூடு பட்டால் பழைய காகிதமும் மையும் கெடும், பிறகு பிரிக்கவும் முடியாது. மடிப்பைப் பிரித்து, நிழலில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு, பருத்தித் துணியில் சுற்றித் தகரப்பெட்டியில் வையுங்கள். போட்டோவைப் பங்காளிகள் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள், பேசிக்கொள்ளாத பங்காளி உட்பட.